ஒரு பாட்டுக்கு எத்தனை கையெழுத்து

எங்கள் குழு கலைந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. தொண்ணூறுகளில் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் கல்லூரி விழாவோ அம்மன் கொடையோ ஆலயத் திருவிழாவோ பார்த்தவர்களுக்கு எங்களைத் தெரிந்திருக்கும். சினிமாப் பாட்டு பாடும் மெல்லிசைக் குழுக்கள் ஊருக்கு நாலு இருந்த நேரத்தில் நாங்கள் சொந்தமாகத் தமிழில் எழுதி ராக் வாசித்தோம். ஒரே ஒரு கேசட் போட்டோம். அதில் ஒரு பாட்டு டீக்கடைகளிலும் வேன்களிலும் ஓடித் தேய்ந்தது. குழுவின் பேரை இங்கே எழுத முடியாது, அந்தப் பேர் யாருக்குச் சொந்தம் என்பதே இன்னும் தீராத தகராறு. நான் பேஸ் கிட்டார். மேடையில் அப்படி ஒருவன் நிற்கிறான் என்று கூட்டத்துக்குத் தெரியாது, அவன் நிறுத்தினால்தான் தெரியும்.

"மத்தவங்கல்லாம் இப்ப எங்க மக்கா?" என்று பழைய ஆட்கள் யாராவது வடசேரி பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் கேட்பார்கள். ஆளுக்கொரு பக்கம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். நிஜமாகவே எனக்கும் சரியாகத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய கட்டாயம் வந்தது, ஒரு வெப் சீரிஸ் எடுப்பவர்கள் கூப்பிட்டு அந்தப் பாட்டைக் கேட்டபோது. ஒன்றரை லட்சம் தருகிறோம் என்றார்கள். ஒரே நிபந்தனை, பாட்டில் உரிமை உள்ள எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். இதற்கென்ன, ஒரு மாதத்தில் முடிந்துவிடும் என்று ஒத்துக்கொண்டேன். ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தது. கூட ஓட ஒரு ஆள் கிடையாது. வீட்டிலேயே "இந்த வயசுல என்ன பாட்டு" என்று கேட்டார்கள். இதில் இறங்குவதற்கு முன் யாராவது நாலு விஷயம் சொல்லியிருந்தால் பாதிப் பணமும் முக்கால்வாசி மன உளைச்சலும் மிஞ்சியிருக்கும்.

முதல் விஷயம் இது. ஒரு பாட்டில் ஒரு உரிமை இல்லை, பல உரிமைகள் இருக்கின்றன. வரி எழுதியவருக்கு ஒன்று, மெட்டுப் போட்டவருக்கு ஒன்று. பதிவு செய்த ஒலிக்குத் தனி உரிமை, அது பதிவுக்கு முதலாளியாக இருந்தவருக்குப் போகும். அதில் பாடியவருக்கும் வாசித்தவருக்கும் கலைஞர் உரிமை என்று ஒன்று உண்டு, அதன் ஆயுள் 50 ஆண்டு. வாங்குபவர்களின் வக்கீல் இந்த எல்லாக் கதவையும் அடைத்துவிட்டுத்தான் பணம் கொடுப்பார். எங்கள் கேசட் உறையிலோ "இசை" என்று போட்டு அதன் கீழே குழுவின் பேர் மட்டும்தான் இருந்தது. அன்றைக்கு அது ஒற்றுமை. இன்றைக்கு அதே வரியைப் பிடித்துக்கொண்டு வக்கீல், "அப்போ எல்லாருமே இசையமைப்பாளர்தானே சார்" என்றார்.

சரி, ஒலிப்பதிவு யாருடையது? திருவனந்தபுரத்தில் ஒரு ஸ்டுடியோவில் எங்கள் கைக்காசு போட்டுப் பதிவு செய்தோம். கேசட் கம்பெனி பிரதி எடுத்து விற்றது, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கம்பெனியின் சரக்கையெல்லாம் பின்னால் வாங்கிய ஒருவர் எங்கள் பாட்டை யூடியூபில் தன் சொத்தாகப் போட்டு வைத்திருந்தார். என் மகன் எங்கள் பழைய மேடை வீடியோவை ஏற்றினால், அதற்கு மேலேயே அவர் பேரில் காப்புரிமைக் (காப்பிரைட்) கோரிக்கை வந்து உட்கார்ந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. எங்கள் பாடகன் எழுதி வாங்கிவைத்திருந்த ஒரு பக்கக் கடிதம்தான் எங்களைக் காப்பாற்றியது. அதில் "வெளியிடும் உரிமை தருகிறோம்" என்று இருந்ததே தவிர எத்தனை வருஷம், எந்தெந்த நாடு என்று ஒன்றும் இல்லை. 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு இங்கேதான் உதவிக்கு வருகிறது. காலம் எழுதாமல் உரிமையை எழுதிக் கொடுத்தால் அது 5 ஆண்டோடு முடிந்துவிடும், இடம் எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான் செல்லும். அதாவது அந்தக் கம்பெனியின் உரிமை எப்போதோ காலாவதி. பழைய கடிதம் கறையானோடு போகட்டும் என்று விட்டுவிடாதீர்கள். ஓரம் அரித்திருந்தாலும் தேதியும் கையெழுத்தும் தெரிந்தால் போதும். யூடியூபில் கோரிக்கையை மறுத்தால் எதிராளிக்குப் பதில் சொல்ல 30 நாள் அவகாசம் இருக்கிறது. அவர் பேசாமல் இருந்தால் கோரிக்கை தானாக விழுந்துவிடும். எங்கள் பாட்டுக்குக் கோரிக்கை போட்டவர் எங்கள் மறுப்பை முதல் தடவை ஏற்கவில்லை, கடிதத்தின் நகலோடு மேல்முறையீடு செய்ததும் ஒதுங்கிவிட்டார்.

அடுத்து ஆட்கள். முதலில் கீபோர்டு அண்ணனைத் தேடினேன். நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு பள்ளியில் இசை ஆசிரியர். பெண்ணின் கல்யாணக் கடனில் இருந்தார். காப்பி கொடுத்து உட்காரவைத்து, எல்லாம் கேட்டுவிட்டு, "அந்த இன்ட்ரோ இல்லைன்னா அது பாட்டே இல்ல கேட்டியா. அது என் டியூனாக்கும். பாதி எனக்கு வரணும்" என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அழுகை வந்தது. பணத்துக்காக இல்லை. மேடையில் என் பக்கத்தில் நின்ற மனுஷன் இத்தனை வருஷம் இதை மனசில் வைத்திருந்தாரா என்று.

என் வக்கீல் ஒரு சின்னப் பையன், ராக் பைத்தியம். அவன்தான் புரோகோல் ஹாரம் குழுவின் கதையைச் சொன்னான். 1967-இல் வெளிவந்த "எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்" பாட்டை ஆரம்பிக்கும் அந்த ஆர்கனை வாசித்தவர் மேத்யூ ஃபிஷர். பாட்டு உலகம் முழுக்க ஓடியது, ஆக்கியவர்கள் பட்டியலில் அவர் பேர் இல்லை. பின்னாளில் கம்ப்யூட்டர் புரோகிராமர் ஆகிவிட்டார். 2005-இல்தான் வழக்குப் போட்டார். முதல் நீதிமன்றம் இசைப் பங்கில் 40 சதவீதம் கொடுத்தது, மேல்முறையீட்டில் அந்தப் பணம் போனது, கடைசியில் 2009-இல் பிரபுக்கள் சபை திருப்பிக் கொடுத்தது. ஆனால் வழக்குக்கு முன்னால் போன 38 வருஷத்துப் பணம் போனதுதான், ஒரு பைசா கிடைக்கவில்லை. அண்ணன் கேட்பது பேராசை இல்லை, நியாயம் இருக்கிற பேச்சுதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அடுத்த முறை போனபோது இந்தக் கதையை அப்படியே சொல்லி, "உங்களுக்கும் அதே நாற்பது அண்ணே" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "இங்கிலாந்துக்காரன் கணக்கா? அப்ப சரிலே" என்று சிரித்துவிட்டார். இசையில் மிச்சத்தை லீட் கிட்டார், பாடகன், நான் என்று பிரித்து எழுதினோம். இப்போது புதிதாகக் குழு நடத்தும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், பதிவு முடிந்த அன்றைக்கே, ஸ்டுடியோவில் சாயா குடிக்கிற நேரத்திலேயே, வரியில் யாருக்கு எவ்வளவு, மெட்டில் யாருக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். அன்றைக்கு அது கொஞ்சம் கூச்சமாக இருக்கும், அவ்வளவுதான்.

முதல் டிரம்மர் குளச்சல்காரன். கேசட்டில் இரண்டு பாட்டு வாசித்துவிட்டு விசா வந்ததும் சவுதிக்குப் போனவன். மிச்சத்தை வேறொருவன் வாசித்தான், உறையில் டிரம்ஸ் என்று அவன் பேர் மட்டும் வந்தது. பீட்டில்ஸ் டிரம்மர் பீட் பெஸ்டை 1962 ஆகஸ்டில், முதல் பாட்டு வெளிவர இருந்த நேரத்தில் நீக்கினார்கள். அவர் பிறகு லிவர்பூலில் அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இருபது வருஷம் வேலை பார்த்தார். 1995-இல் அவர் வாசித்த பழைய பதிவுகள் தொகுப்பாக வெளியானபோதுதான் கைக்குப் பணம் வந்தது. நம்ம ஆள் விஷயத்தில் யாரும் யாரையும் நீக்கவில்லை, தம்மாமில் ஏசி மெக்கானிக்காக இருக்கிறான், சந்தோஷமாகவே பேசினான். சிக்கல் கையெழுத்தில்தான். அவன் சார்பில் இங்கே தம்பி கையெழுத்துப் போட அதிகாரப் பத்திரம் (பவர் ஆஃப் அட்டர்னி) வேண்டும், அதற்கு இந்தியத் தூதரகச் சான்று வேண்டும். அதோடு முடிந்தது என்று நினைத்துப் பத்திரத்தை வீட்டில் வைத்துவிடக் கூடாது. வெளிநாட்டில் எழுதிய பத்திரம் இந்தியாவுக்கு வந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில். அவன் தம்பி கடலுக்குப் போகிறவர், கவர் வந்ததையே எனக்குப் பிந்தித்தான் சொன்னார். கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது ஓடிக் கட்டினோம்.

லீட் கிட்டார் அண்ணன் இப்போது குலசேகரம் பக்கம் ஒரு சபையில் பாஸ்டர். மார்த்தாண்டம் மேடையில் பல்லால் கிட்டார் வாசித்த ஆள். வெள்ளை ஜிப்பாவில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். "அது பழைய மனுஷன் செஞ்சது தம்பி. அந்தப் பணம் எனக்கு வேண்டாம்" என்றார். பணம் வேண்டாம் என்பது வேறு, உரிமையை விட்டுக்கொடுப்பது வேறு. வேண்டாம் என்பதையும் எழுதித்தான் தர வேண்டும் என்று விளக்க எனக்கு நாக்கு வறண்டது. கையெழுத்துப் போட்டால் உலகப் பாட்டுக்கு உடன்பட்டதாகிவிடுமே என்று அவருக்குத் தயக்கம். கடைசியில் தன் பங்குக்கு வரும் பணத்தைப் பாடகனின் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம் என்று சொன்னதும் பேனாவை எடுத்தார். வெளியே வந்து வண்டியைக் கிளப்பும்போது, "அந்த சோலோ இப்பவும் கைக்கு வருது" என்று மெதுவாகச் சொன்னார்.

பாடகன் இறந்துபோனான். நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே. எழுதியதும் அவன்தான், ஆகவே வரிகளின் உரிமை முழுக்க அவனுடையது. எழுதியவர் இறந்த பிறகும் 60 ஆண்டு அந்த உரிமை குடும்பத்துக்கு உண்டு. இது மைனிக்கு, அதாவது அவன் மனைவிக்கு, தெரியாது, எனக்கும் தெரியாது. அவர்கள் தக்கலையில் தையல் வேலை செய்து இரண்டு பிள்ளைகளை ஆளாக்கியிருக்கிறார்கள். வாரிசுச் சான்றிதழ் வேண்டும் என்று வக்கீல் சொன்னதும் அவர்கள் முகம் வாடியது. ஏனென்றால் வீடு அவன் அம்மா பேரில் இருந்ததால் ஏற்கெனவே பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பம். இந்து வாரிசு முறையில் மனைவி, பிள்ளைகளோடு அம்மாவுக்கும் பங்கு உண்டு. அம்மா இரணியலில் இளைய மகன் வீட்டில் இருந்தார். நான் போய் நின்றால் சொத்து எழுதி வாங்க வந்தவனைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். நியாயந்தான்.

வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று போகும். இதில் ஒரு இடைத்தரகர் எட்டாயிரம் வாங்கிக்கொண்டு காணாமல் போனார். இறப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பேர் பின்னால், பள்ளிச் சான்றிதழில் பேரே கொஞ்சம் வேறு. விண்ணப்பம் அதற்காகவே திரும்பி வந்தது. போடுவதற்கு முன்பு எல்லாச் சான்றிதழையும் மேஜையில் வரிசையாக வைத்து, இனிஷியல் முதல் ஒற்று வரை ஒத்துப் பாருங்கள். இன்னொன்று, பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மைனி ஒரு மனு கொடுத்திருந்தால் மைனி பக்கத்துக்கு வக்கீலை ஆணைக்குழுவே நியமித்திருக்கும். எங்கள் வேலை பாதி முடிந்த பிறகு கோர்ட் வாசலில் நின்ற ஒரு அம்மா சொல்லித்தான் இது தெரிந்தது.

அந்த நாட்களில் தூக்கம் வராது. பேட்ஃபிங்கர் என்ற குழுவைப் பற்றி எங்கேயோ படித்தேன். அவர்கள் எழுதிய ஒரு பாட்டை வேறொருவர் பாடி 1972-இல் உலகமே பாடியது. எழுதிய இருவரில் பீட் ஹாம், மேலாளரால் பணமெல்லாம் சிக்கிக்கொண்ட நிலையில், 1975-இல் உயிரை மாய்த்துக்கொண்டார். டாம் எவன்ஸும் பங்குத் தகராறுகளுக்கு நடுவே 1983-இல் அதே வழியில் போனார். படித்த ராத்திரியே கீபோர்டு அண்ணனுக்கும் சவுதிக்காரனுக்கும் போன் பண்ணினேன், வேலை விஷயம் எதுவும் பேசாமல். சும்மா. அண்ணன் "என்னலே இந்நேரத்துல, யாருக்கும் ஒண்ணும் இல்லையே?" என்றுதான் கேட்டார்.

இரணியல் அம்மாவை வழிக்குக் கொண்டுவந்தது நான் இல்லை, பேத்தி. காலேஜில் படிக்கும் அவள் ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து அப்பா பாடியதைப் போனில் போட்டுக் காட்டியிருக்கிறாள். கைரேகை வைத்துவிட்டார்.

எல்லாம் கைக்கு வந்து நான் போன் பண்ணியபோது வெப் சீரிஸ்காரர்கள் வேறு பாட்டு வாங்கி முடித்திருந்தார்கள். மன்னிப்புக் கேட்டார்கள், மரியாதையான ஆட்கள்தான். வக்கீல் கட்டணம், முத்திரைத்தாள், கூரியர், பெட்ரோல், தரகர் தின்றது எல்லாம் சேர்த்து எழுபதாயிரத்துக்குப் பக்கம் என் கையை விட்டுப் போயிருந்தது. ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை. யாராவது பாட்டு கேட்டால் முதல் பேச்சிலேயே கெடு தேதி கேளுங்கள், வேலை தொடங்க ஒரு சிறு முன்பணமும் கேளுங்கள். அது பிறகு கழித்துக்கொள்ளும் தொகை என்று எழுதினால் அவர்களும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

ஆனால் காகிதங்கள் வீண் போகவில்லை. பாட்டு எழுதுபவர்களுக்கும் இசையமைப்பவர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் சங்கத்தில் கீபோர்டு அண்ணனும் நானும் உறுப்பினர் ஆனோம், பாடகனின் இடத்தில் வாரிசாக மைனி சேர்ந்தார்கள். 2012 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு எழுதியவரும் இசையமைத்தவரும் தங்கள் ராயல்டிப் பங்கை வாரிசுகளுக்கோ இப்படி ஒரு சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுத்துவிட முடியாது, எழுதினாலும் செல்லாது. முதல் தடவை மைனி கணக்கில் ஏறிய தொகை ஒரு மாத மளிகைக்கு வரும். "இது அவரு சம்பாதிச்சதா?" என்று இரண்டு தடவை கேட்டார்கள்.

மிச்சம் இருப்பது பேர். இரண்டாவது டிரம்மர் மார்த்தாண்டம் பக்கம் பழைய பேரிலேயே குழு நடத்துகிறான். கீபோர்டில் ஏற்றிய டிராக், ஒரு ஆக்டோபேட், இரண்டு பாடகர்கள், கல்யாண ரிசப்ஷன். பாட்டுக்கான கையெழுத்தை உடனே போட்டுத் தந்தான். பேரை மட்டும் விடமாட்டேன் என்கிறான். "நீங்கல்லாம் போன பிறகு இருவது வருஷம் இந்தப் பேரச் சுமந்தது நானாக்கும்" என்கிறான், அதற்கும் பதில் இல்லை. பிங்க் ஃபிளாய்டை விட்டு 1985-இல் விலகிய ரோஜர் வாட்டர்ஸ், மிச்சப் பேர் அந்தப் பேரில் வாசிக்கக் கூடாது என்று கோர்ட்டுக்குப் போனார், 1987-இல் சமரசமாகிப் பேர் வாசித்துக்கொண்டிருந்தவர்களிடமே நின்றது. அதைச் சொன்னால் அவன் தரப்புதான் பலமாகும் என்பதால் நான் வாயைத் திறக்கவில்லை. குழுவின் பேரை, கேளிக்கைச் சேவைகளுக்கான 41-ஆம் வகுப்பில் வணிகக்குறியாக (டிரேட்மார்க்) பதிவு செய்யலாம், தனிநபர் இணையத்தில் விண்ணப்பித்தால் கட்டணம் 4,500 ரூபாய். குழு ஒற்றுமையாக இருக்கும்போதே செய்துவிடுங்கள், யார் விலகினால் பேர் யாருக்கு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நாங்கள் இப்போது சமரச மையத்தில் உட்கார்ந்து பேசலாம் என்ற இடத்துக்கு வந்திருக்கிறோம்.

இன்னொரு உதவி வேண்டும். எங்கள் மாஸ்டர் டேப் ஸ்டுடியோ மூடியபோது போய்விட்டது. இரண்டு பருவமழையும் பெய்கிற ஊரில் கேசட்டுகள் பூசணம் பிடிக்காமல் இருப்பது அபூர்வம். ஏ பக்கம் மணவாளக்குறிச்சி ரசிகர் ஒருவரிடம் சுத்தமாகக் கிடைத்தது. பி பக்கம் மூன்றாவது பாட்டு மட்டும் எந்தப் பிரதியிலும் முழுசாக இல்லை. கறுப்பு உறை, அட்டையில் முட்டம் கலங்கரை விளக்கம் இருக்கும். யாரிடமாவது இருந்தால், டேப்பில் வெள்ளைத் தூள் தெரிந்தால், டெக்கில் போட்டு ஓட்டிப் பார்க்காதீர்கள், அறுந்துவிடும். அப்படியே ஒரு காகிதக் கவரில் போட்டு வையுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.